அடுப்பு எரியுமா?

பரண்மேலிருந்து மருமகள் இறக்கிப் போட்ட சாமான்களுக்கு நடுவே அந்த இரும்பு ஊதுகுழலும் கிடந்தது. முழ நீளம் இருக்கும். ஒரு முனை வாய் பட்டுப் பட்டு வழவழத்துப் போயிருக்கிறது. மகன் அடுக்குமாடியில் சின்னதாக ஒரு வீடு வாங்கியிருக்கிறான். அடுத்த வாரம் குடிபோகிறோம். "இது அவசியமா அத்தை?" என்று கேட்டாள். 'அவசியம்' என்ற சொல் காதில் விழுந்ததும் எனக்கு என் அத்தை ஞாபகம் வந்துவிட்டது.

ஐம்பதுகளில் நாங்கள் திருத்தணியில் இருந்தோம். ஊர் அப்போது ஆந்திராவோடு சேர்ந்திருந்தது. அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். அவர் மலைமேல் ஒரு சத்திரத்தில் சமையல்காரர். அவருடைய அக்காதான் அத்தை. புருஷன் போனபிறகு ஒரு தகரப்பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தவள். சத்திரத்துக்கு வேண்டியதெல்லாம் தலைச்சுமையாகப் படியேறித்தான் போகும். கூடையில் எதை வைத்தாலும் அத்தை கேட்பாள்: "இது இல்லாம அடுப்பு எரியுமா?" எரியும் என்றால் அது கீழேயே கிடக்கலாம், அடுத்த நடையில் போகலாம். எரியாது என்றால்தான் அவசியம். விறகு, நெருப்புப்பெட்டி, ஊதுகுழல், அவ்வளவுதான். அரிசியே அவளுக்கு 'வேணும்' கணக்குத்தான், 'அவசியம்' இல்லை. ஊரில் கல்யாணத்துக்கு அழைக்கிறவர்கள் "அவசியம் வாங்க" என்று வாய் நிறையச் சொல்லிவிட்டுப் போவார்கள். அத்தைக்கு அது ஆகாது. "நான் போவலன்னா தாலி கட்டாம வுட்டுடுவானா?" என்பாள்.

அம்மாவுக்கு இளைப்பு. புகை பட்டால் மூச்சு வாங்கும். ஆகவே வீட்டு அடுப்பும் அத்தை பொறுப்பில் இருந்தது. இரண்டு பேருக்கும் அப்படியொன்றும் ஒத்துப்போகாது. அத்தை வைத்த குழம்பில் அம்மாவுக்கு உப்பு குறையும். அம்மா மடித்த புடவை அத்தை கண்ணுக்குக் கோணலாகத் தெரியும். முகம் கொடுத்துப் பேசாத நாட்களிலும் அடுப்பு மட்டும் நேரத்துக்கு எரியும்.

நைனாவுக்கு அரக்கோணத்தில் ஓட்டல் வேலை கிடைத்தது. ஒற்றை அறை வீடு, ஒரே ஒரு மாட்டு வண்டி. "அவசியமானத மட்டும் ஏத்துங்க" என்றார் நைனா. அந்தச் சொல்லுக்கு வீட்டில் வேறு யார் அதிகாரி? அத்தைதான் முன்னால் நின்றாள். ஊதுகுழல் முதலில் ஏறியது. ஊஞ்சல் பலகை, பெரிய அண்டா, என் மரப்பாச்சி எல்லாம் சுவரோரம் ஒதுங்கின. கடைசியில் பார்த்தால், அந்த ஒதுக்கின சாமான்களோடு அவளுடைய தகரப்பெட்டியும் இருந்தது.

"உங்க பெட்டி ஏன் இங்க கெடக்குது அண்ணி?" என்றாள் அம்மா.

"ஒரே ரூம்புதானே. மணவூர்ல ஒண்ணுவுட்ட தங்கச்சி கீறா, அங்க போறேன். நான் இல்லன்னா அடுப்பு எரியாதா என்ன?"

நைனா மாட்டுக் கயிற்றைப் பார்த்தபடி நின்றார். அம்மா வண்டியிலிருந்து ஊதுகுழலை உருவி அத்தை கையில் கொடுத்தாள்.

"அப்ப இதையும் எடுத்துகினு போங்க. எனக்கு ஊதறதுக்கு மூச்சு ஏது? நீங்க வரலன்னா அங்க அடுப்பு எரியாது."

அம்மா அதைப் பிரியமாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னாள். அத்தை ஊதுகுழலைத் திரும்ப வண்டியில் வைத்தாள். பிறகு, "அப்போ அந்த ஆட்டுக்கல்ல எறக்கு. பெட்டி வைக்க எடம் வேணாமா?" என்றாள். அம்மா தாய்வீட்டிலிருந்து கொண்டுவந்த ஆட்டுக்கல் அது. நைனா அதை இறக்கியதும் அந்த இடத்தில் அம்மாவே பெட்டியை ஏற்றி வைத்தாள்.

அரக்கோணத்திலும் உப்புக்குச் சண்டை நடந்துகொண்டுதான் இருந்தது. சாகும்வரை அத்தை எங்களோடுதான் இருந்தாள்.

இப்போது திருகினால் அடுப்பு எரிகிறது. ஊதுகுழலும் வேண்டாம், ஊத ஆளும் வேண்டாம். மருமகள் அதைக் கையில் வைத்துக்கொண்டு பதிலுக்குக் காத்திருந்தாள்.

"இது இல்லாமலே அடுப்பு எரியும்மா" என்றேன்.

அவள் அதைக் கொண்டுபோகிற பக்கம் வைத்தாளா, கழிக்கிற பக்கம் வைத்தாளா என்று திரும்பிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.