தோளுக்குப் பின்னால் போன பந்து

இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தைக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்தில் சிவசக்தியை அறியாதவர் கிடையாது. வயது நாற்பத்து நான்கு. இருபத்தாறு வருடமாகக் கொழுந்து எடுக்கிறாள். வாய் கொஞ்சம் நீளம். வேலை வாங்கும் கங்காணியே அவளிடம் அளந்துதான் பேசுவார். அப்பேர்ப்பட்டவள் போன வருடம் ஒரு பந்துக்குப் பயந்தாள் என்றால் யார் நம்புவார்கள்?

பதுளையிலிருந்து றிஸ்னி என்ற விளையாட்டு ஆசிரியை ஞாயிறுதோறும் பின்னேரம் பஸ் ஏறி வந்து, தோட்டத்துப் பெண்களுக்கு வலைப்பந்து சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தாள். பதுளைக் கடைக்காரர் ஒருவரின் மகள், முப்பதைத் தாண்டாதவள். வந்தவர்களை முதல் நாளே மூன்றாகப் பிரித்தாள். பள்ளிக்கூடத்தில் நன்றாக ஆடியவர்கள் மூன்றாம் குழு, ஓரளவு தெரிந்தவர்கள் இரண்டாம் குழு, பந்தையே தொடாதவர்கள் முதல் குழு. இரண்டாம் குழுவுக்கு ஏறினால்தான் பக்கத்துத் தோட்டத்தோடு நடக்கும் ஆட்டத்தில் இறங்கலாம். ஏறுவதற்கு ஒரே சோதனை: பத்துப் பந்தில் எட்டையாவது பிடித்து, பிடித்த கையோடு முன்னால் நிற்பவருக்கு எறிய வேண்டும்.

சிவசக்தி முதல் குழு. ஆட்டத்தில் இறங்க வேண்டும் என்ற ஆசை எப்படி வந்தது என்று அவளுக்கே தெரியாது. வந்துவிட்டது, அவ்வளவுதான். ரொட்டி சுடும்போதுகூடக் கை பந்து பிடிப்பதுபோல விரிந்தது.

முதல் சோதனையில் பந்தை அழகாகப் பிடித்தாள். அடுத்த நொடி அது அவள் தோளுக்கு மேலாகப் பின்னால் பறந்து தேயிலைச் செடிக்குள் விழுந்தது. பிடி கொழுந்தால் நிறைந்ததும் திரும்பிப் பார்க்காமல் முதுகுக் கூடைக்குள் எறிகிற கை அல்லவா அது! பெண்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். பெரிதாகச் சிரித்த ஜெயலெட்சுமியும் தன் முறை வந்தபோது அதையேதான் செய்தாள். ஆனால் மற்றவர்களுக்கு ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. சிவசக்திக்கு ஆகவில்லை. இரண்டாவது சோதனையில் நான்கு பந்துகள் பின்னால் போயின.

வீட்டுக்கு வந்து புருஷன் முருகையாவிடம், "இனிமே நான் போகல. நம்ம கைக்கு இது வராது," என்றாள். "சரி, விடு," என்றார் அவர். அதுதான் அவளுக்கு இன்னும் வலித்தது.

அடுத்த ஞாயிறு அவளைக் காணவில்லை. றிஸ்னி சும்மா விடுகிற ஆள் இல்லை. அதற்கடுத்த சனிக்கிழமை காலையில் கொழுந்து எடுக்கும் மலைக்கே வந்துவிட்டாள். சிவசக்தியின் கூடையை வாங்கி, அதன் கயிற்றைத் தன் தலையில் மாட்டி முதுகில் தொங்கவிட்டுக்கொண்டு பத்து நிமிடம் கொழுந்து எடுத்துப் பார்த்தாள். எறிந்ததில் பாதி தரையில் விழுந்தது.

"அக்கா, உங்கட கையில குறை ஒண்ணுமில்ல. நல்லாப் பழகின கை. அதான் புதுசாப் பழக நேரம் எடுக்குது," என்றாள்.

"இப்ப என்ன செய்ய மிஸ்?"

"நாளைக்கு வாங்க, சொல்றன்."

மறுநாள் அவளை, தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருக்கும் லயத்துச் சுவரோடு முதுகை ஒட்டி நிற்கவைத்தாள். கை பின்னால் போனால் புறங்கை சுவரில் இடிக்கும். மூன்று ஞாயிறு இடித்தது. தோல் உரிந்தது, தேங்காய் எண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி நின்றாள். மற்றக் குழுக்கள் ஆடிக்கொண்டிருக்க, அந்த ஒருத்திக்காக றிஸ்னி அரை மணி நேரம் ஒதுக்கினாள். ஒருநாள்கூட முகம் சுளிக்கவில்லை.

கடைசிச் சோதனை வந்தது. ஒன்பது பந்தில் ஏழு சரி. பத்தாவதைப் பிடித்தாள். கை பழக்கதோஷத்தில் மேலே எழுந்து காதுவரை போனது. அங்கேயே நின்றது. பிறகு முன்னால் வந்து, பந்து எதிரே நின்ற றிஸ்னியின் நெஞ்சுக்கு நேராகப் போனது.

"எட்டு," என்றாள் றிஸ்னி.

பெண்கள் கைதட்டினார்கள். ஜெயலெட்சுமி விசிலே அடித்தாள். எல்லோரும் கலைந்த பிறகுதான் சிவசக்தி றிஸ்னியின் பக்கத்தில் போய் நின்றாள்.

"மிஸ், கொழுந்து எடுக்க, புல்லு வெட்ட, கன்னு நட, எல்லாம் எனக்குச் சொல்லிக் குடுத்திருக்காங்க. எல்லாமே வேலைக்கு. வெளையாடச் சொல்லிக் குடுத்தது நீங்க ஒரு ஆளுதான். நீங்க நல்லா இருக்கணும்."

றிஸ்னிக்குக் கண் கலங்கியது. பதுளை பஸ்ஸுக்கு இன்னும் இருபது நிமிடம் இருந்தது. பந்தை எடுத்து அவள் கையில் கொடுத்தாள்.

"வாங்க அக்கா, ரெண்டு பேரும் சும்மா வெளையாடுவம்," என்றாள்.