தெய்வநாயகம் கோட்டைவிட்ட சூரியச் சீற்றம்

மலாக்கா நகரின் காஜா பேராங் பகுதியில் வாடகைக்கு இருந்த தெய்வநாயகம் ரப்பர் கம்பெனி ஒன்றில் கிராணி, அதாவது குமாஸ்தா. ஆனால் தன்னை ஆராய்ச்சியாளர் என்றுதான் சொல்லிக்கொள்வார். ஆராய்ச்சி என்பது, பழைய புத்தகக் கடையில் வாங்கிய ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றை வருஷக்கணக்கில் திரும்பத் திரும்பப் படித்ததுதான்.

"சின்னச் சிவப்பு நட்சத்திரம் இருக்கு பாருங்க, அது திடீர்னு சீறும். பக்கத்துல சுத்துற உலகத்துல புல்பூண்டு மிஞ்சாது!"

தலைமுறைகளாக மலாய் பேசிவரும் அக்கம்பக்கத்து மலாக்காச் செட்டிகளுக்குத் தமிழ் தெரியாது. மரியாதைக்குத் தலையாட்டுவார்கள். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொள்ளும் மனிதர் அவர். தமிழ் தெரிந்த மனைவி மீனாச்சி வாயைத் திறந்தால்தான் எரிச்சல் வரும்.

"நம்ம சூரியன் சீறாதாங்க?"

"சீறும். சீறுனா தூரத்து ரேடியோ ஸ்டேசன் எல்லாம் படுத்துரும். நான் அந்த நிமிஷமே கண்டுபிடிச்சிருவேன். ஒனக்கெல்லாம் புரியாது."

1956 பிப்ரவரி. மலாயாவின் சுதந்திரத் தேதியை மலாக்காத் திடலில் அறிவித்த அதே வாரம். சளி என்று லீவு போட்டிருந்த தெய்வநாயகம் முற்பகலில் ரேடியோவில் வெளிநாட்டு நிலையம் ஒன்றைக் கேட்டுக்கொண்டிருந்தார். பேச்சு பாதியிலேயே அமுங்கிப்போனது.

"மீனாச்சி! ரேடியோவுல கைய வச்சியா?"

"நான் குசினியில சமைச்சுக்கிட்டு இருக்கேங்க."

"பொய் சொல்லாத!"

கத்தித் தீர்த்துவிட்டு, ரேடியோ செட்டைத் தூக்கிக்கொண்டு கொளுத்தும் வெயிலில் ஜெயபாலனின் ரிப்பேர் கடைக்குப் போனார்.

"அண்ணே, என் செட்டும் அப்படித்தான் இருக்கு. உள்ளூர் ஸ்டேசன் பாடுது, தூரத்து ஸ்டேசன் ஒண்ணும் கிடைக்கல. கொஞ்சம் பொறுத்துப் பாப்போம்."

"தொழில் தெரியாதவன்லாம் கடை வச்சா இப்படித்தான்!" செட்டின் மண்டையில் ஓங்கித் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தார். ஒருவழியாகக் குரல் திரும்பியது.

"பாத்தியா? கைராசி!"

பிறகு பத்திரிகையில் செய்தி வந்தது. சூரியனில் பெரும் சீற்றம். பகலாக இருந்த நாடுகளில் சிற்றலை வானொலி செத்துப்போனதாம். படித்துவிட்டு அவர் வெட்கப்படவில்லை. வெட்கம் அவருக்கு வராத சமாசாரம். "அன்னிக்கே கண்டுபிடிச்சேன்," என்று தெருவெல்லாம் சொன்னார். சங்கம் ஒன்று நம்பி, பேச அழைத்தது.

'நான் நேரில் ஆராய்ந்த சூரியச் சீற்றம்' என்று முழங்கினார். முடிந்ததும் சந்திரமதி என்ற ஆசிரியை எழுந்தார்.

"சூரியன் அவ்வளவு சீறியும் நாம உயிரோடதானே இருக்கோம் சார்? நீங்க சொன்ன அந்தச் சிவப்பு நட்சத்திரத்து உலகங்கள்ல மட்டும் ஏன் ஒண்ணும் பிழைக்காது? நம்மள எது காப்பாத்துச்சு?"

சஞ்சிகையில் அது இல்லை.

"நேரமாயிருச்சும்மா," என்று அவர் மாலைக்குக் கழுத்தை நீட்டினார். எல்லாரும் கைதட்டினார்கள். கூட்டத்தில் இருந்த மீனாச்சி எழுந்து, சந்திரமதியின் பக்கத்து நாற்காலியில் போய் உட்கார்ந்தாள்.

"எனக்குச் சொல்லுங்க டீச்சர்," என்றாள். "எது காப்பாத்துச்சு?"