கல் சலிக்கும் வண்டி வந்த ஆடி

எங்கள் வீடு சாணார்பட்டி சாலையை விட்டுச் சற்று உள்ளே தள்ளி இருக்கிறது. பிளாட் போட்டு விற்ற இடம். இருபது மனைகளில் நான்கில்தான் இதுவரை வீடு எழும்பியிருக்கிறது. மேற்கே, எப்போதோ மூடிப்போன கிரஷர் ஒன்று விட்டுச்சென்ற கல்மேடு. பெரிய கல், ஜல்லி, தூள் எல்லாம் ஒன்றாகக் கலந்து, மேலே எருக்கஞ்செடி முளைத்துக் கிடக்கும். இடம் பார்க்க வந்த அன்று அது என்னவென்று கேட்டேன். "அது பாட்டுக்குக் கெடக்கும்மா" என்றார் தரகர். இரண்டு வருடம் அது பாட்டுக்குத்தான் கிடந்தது.

போன ஆடி பிறந்து நான்கைந்து நாள் இருக்கும். ஒரு நீண்ட லாரியில் ஏறி அந்த வண்டி வந்தது. வண்டி என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். பொக்லைனுக்கு இருப்பதுபோல அடியில் இரும்புச் சங்கிலிச் சக்கரம். மேலே ஒரு பெரிய தொட்டி, அதை அடுத்துச் சரிவாக ஆடும் இரும்பு வலைகள், பக்கங்களில் கை நீட்டியதுபோல மூன்று பெல்ட்டுகள். புதிதாகப் போடும் ஒரு சாலைக்கு அந்தக் கல்மேட்டைப் பிரித்தெடுக்க வந்திருந்தார்கள். பொக்லைன் அள்ளிக் கொட்டும். வலை குலுங்கும். பெரிய கல் ஒரு பக்கம், முக்கால் இஞ்சு ஜல்லி ஒரு பக்கம், தூள் ஒரு பக்கம் என்று மூன்று குவியலாக விழும்.

என் மகளுக்கு அப்போது ஒன்றரை வயது. வண்டியைக் கண்டதும் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதித்தாள். நான் ஜன்னலைச் சாத்தினேன்.

அவளுக்கு இளைப்பு உண்டு. முந்தைய ஐப்பசியில் முதன்முதலாக வந்தது. ஒரு வயதுகூட நிறையாத பிள்ளை விலா உள்ளே இழுக்க மூச்சு வாங்கியதை நான் பார்த்தேன். அதற்குப் பிறகு தூங்கும்போதெல்லாம் அவள் சட்டையைத் தூக்கிவிட்டு, கைப்பேசியில் ஒரு நிமிடம் வைத்து மூச்சை எண்ணுவேன். எண்ணி முடித்ததும் சரியாகத்தான் எண்ணினேனா என்று மறுபடி எண்ணுவேன். இயற்பியல் படித்தவள்; பிள்ளை பிறக்கும்வரை பள்ளியில் பாடம் எடுத்தவள். ஒரு அளவை மூன்று முறை எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். இதில் அது எதற்கும் உதவவில்லை.

எங்கள் பக்கத்தில் ஆடி மாதம் காற்று மேற்கிலிருந்து வீசும். பத்து மணிக்குமேல் பிடித்தால் கொடியில் காயும் துணி நிலைக்காது. கல்மேட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில்தான் வண்டியை நிறுத்தியிருந்தார்கள். தூள் விழும் பெல்ட்டிலிருந்து வெள்ளைப் புகைபோலக் கிளம்பி அப்படியே எங்கள் சுவருக்கு வரும். ஜன்னல்களைச் சாத்தி இடுக்குகளில் ஈரத்துணியைச் செருகினேன். சாயங்காலம் எடுத்துப் பார்த்தால் சாம்பல் நிறத்தில் இருக்கும். மூன்றாம் நாள் மகள் இருமத் தொடங்கினாள்.

கணவர் ஒரு நூற்பாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். நாள் முழுக்கப் பஞ்சுத் தூசியில் நிற்கிறவர். பத்து நாள் வேலைதானாம், பொறுத்துக்கொள்ளலாம் என்றார். எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் அவர் வேலைக்குப் போனதும் பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அவள் வாயை முந்தானையால் மூடிக்கொண்டு, கல்மேட்டுக்குப் போனேன்.

வண்டியை ஓட்டியவர் ஒட்டன்சத்திரம் பக்கத்துக்காரர். ஐம்பது வயது இருக்கும். என்னைப் பார்த்ததும் வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு இறங்கி வந்தார். என் பேச்சைக் கேட்டுக்கொண்டே பிள்ளையின் மார்பைப் பார்த்தார். தண்ணீர் தெளித்து ஓட்டினால் தூசி அடங்கும் அல்லவா என்று கேட்டேன்.

"தண்ணி பட்டா சலிக்காதுங்க அம்மிணி. தூளு ஈரமானா வலைக் கண்ணுல அப்பிக்கும். அப்புறம் வலை இருந்தும் ஒண்ணுதான், இல்லாததும் ஒண்ணுதானுங்க."

நான் தலையாட்டிவிட்டுத் திரும்பினேன். திரும்பி நடக்கையில் பிள்ளை இருமினாள். மறுநாள் காலை ஒரு தண்ணீர் டிராக்டர் வந்து கல்மேட்டின்மேல் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

பதினொரு மணிவரை தூசி இல்லை. நான் ஒரு ஜன்னலைத் திறந்துகூட வைத்தேன். பிறகு வண்டியின் சத்தம் கனத்து, நின்றுபோனது. மாடிக்குப் போய்ப் பார்த்தேன். அவர் சொன்னதுதான் நடந்திருந்தது. சிறுகண் வலை முழுக்கப் பிசைந்த மாவை வழித்துப் பூசியதுபோல அடைத்துக்கொண்டு, தூள் பிரியாமல் ஜல்லியோடு போயிருந்தது. ஏற்றி அனுப்பிய ஒரு லாரி திரும்பி வந்து, எல்லாவற்றையும் பழையபடி மேட்டிலேயே கொட்டிக்கொண்டிருந்தது. இரண்டு ஆட்கள் வலைக்குள் குனிந்து சுத்தியலால் தட்டினார்கள். அவர் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டு, எதிரில் யாரும் இல்லாதபோதும் தலை குனிந்தே நின்றார். திட்டு வாங்குகிறார் என்று அவ்வளவு தூரத்திலிருந்தும் தெரிந்தது. சாயங்காலம்வரை அந்தச் சுத்தியல் சத்தம் கேட்டது. ஒவ்வொரு தட்டும் எனக்குத்தான்.

மறுநாள் விடிந்ததும் வண்டி தானாகவே நகர்ந்தது. அவர் கையில் ஒரு சின்னப் பெட்டி. அதை அழுத்திக்கொண்டே முன்னால் நடக்க, அத்தனை பெரிய இரும்பு அவர் பின்னால் மெதுவாக ஊர்ந்து போனது. மகள் மாடியிலிருந்து கைதட்டினாள். கல்மேட்டின் தெற்கு ஓரத்துக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். அங்கே வைத்தால் பொக்லைன் ஒவ்வொரு முறையும் சுற்றிவர வேண்டும். அவருக்கு வேலை மெதுவாகும். அது தெரிந்தும் செய்தார். அன்று தூசி எங்கள் வீட்டைத் தொடாமல் தெற்கே விலகிப் போனது. எங்கே போகிறது என்று நான் பார்க்கவில்லை.

பார்க்காதது உண்மை. அங்கே என்ன இருக்கிறது என்பது தெரியாமல் இல்லை.

எங்கள் வீட்டுக்குக் கிழக்கே, கொஞ்சம் தெற்காக, அரை ஏக்கரில் ஒரு மல்லிகைத் தோட்டம். நாற்பதைத் தாண்டிய ஓர் அக்கா தனியாகப் பார்க்கிறார். மகன் வெளியூரில் படிக்கிறான். விடியும் முன்பே மொட்டெடுக்கத் தொடங்கி, காலைப் பஸ்ஸில் திண்டுக்கல் பூ மார்க்கெட்டுக்குக் கொண்டுபோவார். எனக்கு அவரோடு பேச்சு என்று பெரிதாக இல்லை. பார்த்தால் சிரிப்பு, அவ்வளவுதான்.

இரண்டு நாள் கழித்து, வண்டி ஓடத் தொடங்கும் முன், காலையிலேயே பிள்ளையை நடக்கவிட்டு அந்தப் பக்கம் போனேன். அக்கா வரப்பில் உட்கார்ந்து மொட்டுகளை முறத்தில் போட்டுப் புடைத்துக்கொண்டிருந்தார். பூவை யாரும் புடைத்து நான் பார்த்ததில்லை. முறத்தின் ஓரத்தில் வெள்ளைத் தூள் சேர்ந்திருந்தது.

"கழுவக் கூடாதாக்கா?" என்று கேட்டேன்.

"தண்ணி பட்டா மொட்டு செவந்துரும் தாயி. அப்புறம் எவன் வாங்குவான்? நேத்தே ஏசண்டுக்காரன் கேக்குறான், ஏத்தா, பூவு கொண்டாந்தியா, சிமிட்டி கொண்டாந்தியான்னு."

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அன்று முழுக்க எனக்குள் வழக்கு நடந்தது. பிள்ளையின் மூச்சா, பூவா என்று கேட்டால் பதில் சுலபம். ஆனால் யாரும் என்னிடம் அப்படிக் கேட்கவில்லை. கேட்காமலே நான் தீர்த்துவிட்டேன். அதுவும் இன்னொருவர் தோட்டத்தை வைத்து. வண்டியைப் பழைய இடத்துக்கே கொண்டுபோகச் சொல்லலாம் என்று தோன்றியது. உடனே மகளின் விலா ஞாபகம் வந்தது. கணவரிடம் சொன்னேன். அவர், அந்தம்மாவிடம் போய்ச் சொல்லிவிடு, மற்றதை அப்புறம் பார்க்கலாம் என்றார்.

மறுநாள் காலை போய்ச் சொன்னேன். நான்தான் வண்டியை நகர்த்தவைத்தேன் என்றும், பிள்ளைக்கு இளைப்பு என்றும், தோட்டம் இருப்பது தெரிந்தும் நினைக்காமல் விட்டேன் என்றும். அக்கா கை நிற்காமல் மொட்டைக் கிள்ளிக்கொண்டே கேட்டுவிட்டுச் சொன்னார்.

"தெரியும். வண்டிக்காரன்ட்ட சண்டைக்குப் போனேன்ல, அந்தாளே சொல்லிட்டான். பச்சப்புள்ளைக்கு மூச்சு முட்டுதுங்கன்னான். நீயா வந்து சொல்றியான்னுதான் பாத்தேன். நேத்து வந்துட்டு முழிச்சுட்டுப் போன."

நான் அழுதுவிடுவேன்போல இருந்தது. அதற்கு அவர் இடம் கொடுக்கவில்லை.

"இன்னும் எத்தன நாளு ஓடுமாம்?"

வேலை மெதுவானதால் இன்னும் ஒரு வாரம் ஆகும் என்றேன்.

"சாயங்காலம் வண்டி நின்னதும் வா. ராத்திரி ஈரம் இறங்குச்சுன்னா தூசி மொட்டுல ஒட்டிக்கும். அதுக்குள்ள செடியத் தட்டி விட்ரணும். அம்புட்டுச் செடியும் ஒருத்தியால ஆகாது."

அப்படித்தான் அந்த ஒரு வாரம் போனது. ஐந்தரைக்கு வண்டி நிற்கும். கணவருக்குப் பகல் ஷிப்டாக இருந்ததால் பிள்ளையை அவரிடம் விட்டுவிட்டுப் போவேன். வேப்பங்கொத்தால் செடியின் மேலிருந்து கீழாகத் தட்ட வேண்டும். பலமாகத் தட்டினால் மொட்டு உதிரும்; மெதுவாகத் தட்டினால் தூசி போகாது. முதல் நாள் நான் உதிர்த்த மொட்டுகளை அக்கா பொறுக்கி என் கையில் வைத்து, "தல சீவிப் பூ வெக்கிற மாதிரித் தட்டணும், மாட்ட வெரட்டுற மாதிரி இல்ல" என்றார். காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்கவும் அவர்தான் சொன்னார். முடிந்ததும் நேராகக் குளியலறைக்குள் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்ட பிறகே பிள்ளையைத் தொடுவேன். அவள் கதவுக்கு வெளியே நின்று கத்துவாள். இந்தத் தூசியை நானே வீட்டுக்குள் சுமந்து வருகிறேனோ என்று சந்தேகம். சேலையை வாளியில் ஊறவைத்த பிறகும் போகாது.

ஒருநாள் வண்டிக்காரர் கைகால் கழுவிக்கொண்டு தோட்டத்துப் பக்கம் வந்தார். நாங்கள் இருவரும் தட்டுவதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அக்கா நிமிராமலே, சும்மா நிற்கிற ஆளுக்கும் ஒரு வரிசை இருக்கிறது என்றார். அவர் ஒரு கொத்தை ஒடித்துக்கொண்டு கடைசி வரிசைக்குப் போனார். எங்களைவிட நன்றாகத் தட்டினார்.

பத்து நாள் என்றது பதினைந்து நாளானது. வண்டி லாரியில் ஏறிப் போயிற்று. கல்மேடு இருந்த இடத்தில் வெறும் தரை. அன்றைக்கு எல்லா ஜன்னல்களையும் திறந்துவைத்து வீட்டைக் கழுவிவிட்டேன். அதிலிருந்து ஆறாம் நாள் மகளுக்கு இளைப்பு வந்தது.

தூசி இல்லை. வண்டி இல்லை. விலா உள்ளே இழுத்தது. மருத்துவர், சளியாலும் வரும், காற்று மாறினாலும் வரும், இந்த வயதில் இதுதான் காரணம் என்று ஒன்றைக் காட்ட முடியாது என்றார். வீட்டிலேயே நெபுலைசர் வைக்கச் சொன்னார். மாலையில் அதைப் பிள்ளையின் முகத்தில் வைத்துக்கொண்டிருந்தபோது அக்கா வந்தார். எப்படியோ கேள்விப்பட்டிருந்தார். அவள் முகமூடியைத் தள்ளிவிட்டுத் திமிறினாள். அக்கா உட்கார்ந்து அவளைத் தன் மடியில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். எனக்கு இரண்டு கையும் கிடைத்தது.

மருந்து முடிந்தது. அவள் கொஞ்சம் தெளிந்து அக்காவின் வளையலைத் திருகத் தொடங்கியதும், எனக்குள் இருந்ததைச் சொன்னேன். தூசிதான் காரணமா என்று எனக்கே தெரியாது. ஒன்றுமில்லாததற்கு உங்கள் பூவைக் கெடுத்துவிட்டேனோ என்னவோ.

அக்கா பிள்ளையின் முதுகைத் தடவிக்கொண்டிருந்தார். பிறகு இவளுக்கு முதன்முதலில் எப்போது வந்தது என்று கேட்டார். போன ஐப்பசியில் என்றேன்.

"ஐப்பசியில காத்து கெழக்கருந்து. நான் பூச்சிக்கு மருந்தடிச்சா நேரா உங்க வீடுதான். வாரம் ஒரு தடவ அடிச்சேன் தாயி. ஒரு நாளும் இங்கிட்டு ஒரு புள்ள இருக்கேன்னு திரும்பிப் பாக்கல. நீ வண்டியப் பத்தி வந்து சொன்ன அன்னைக்கிருந்து எனக்கு அதுதான் ஓடுது."

அந்த நாற்றம் எனக்கு ஞாபகம் இருந்தது. அப்போது அதை யாரோ வீட்டில் கரப்பான்பூச்சிக்கு அடிக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். கோபம் வரும் என்று எதிர்பார்த்தேன், வரவில்லை. அதுதான் காரணம் என்று பிடித்துக்கொள்ளவும் முடியவில்லை. இந்த முறை பூச்சிமருந்தும் இல்லையே. அதைச் சொன்னேன். போகும்போது என் கைப்பேசி எண்ணை வாங்கிக்கொண்டார்.

மருந்தை அவரால் விட முடியாது. விட்டால் பூ இல்லை. எங்களாலும் வீட்டைத் தூக்கிக்கொண்டு நகர முடியாது. ஐப்பசி பிறந்ததும் முதல் அழைப்பு வந்தது. நலம் விசாரிப்பெல்லாம் இல்லை.

"காலையில ஏழு மணிக்கு அடிக்கிறேன். புள்ளையத் தூக்கிட்டு ஒம்போது வரைக்கும் எங்கிட்டாச்சும் போயிரு. சன்னலச் சாத்திட்டுப் போ."

மறுநாள் ஏழு மணிக்கு முன்பே மகளைத் தூக்கிக்கொண்டு தாடிக்கொம்புப் பக்கம் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் பஸ் ஏறினேன். பஸ்ஸில் அவள் என் தோளில் தூங்கிப்போனாள். கைப்பேசியை எடுத்து, அவள் முதுகில் கையை வைத்து எண்ணத் தொடங்கினேன்.