இரண்டு பரல், ஒரு குழாய்

தேங்காய்ப் பொச்சுப் புகையும் நனைந்த சாக்கின் வெக்கையும் கலந்த ஒரு வாடை, கற்பிட்டிப் பக்கத்து எங்கள் வீட்டின் பின்னறையில் ஒரு பருவம் முழுக்கக் குடியிருந்தது. கோழிமுட்டை பொரிக்கவைப்பதற்காக அந்த அறையைச் சுற்றி வெந்நீர்க் குழாய் ஒன்று ஓடியது. அதைச் சூடாக்கக் கிழக்கே ஒரு கொதிகலன், மேற்கே ஒன்று. இரண்டும் எண்ணெய்ப் பீப்பாயில் செய்தவை, எங்கள் வாயில் "பரல்". கிழக்குப் பரல் வாப்பாவுடையது. மேற்குப் பரல் உம்மாவின் தங்கை புருஷன், என் சாச்சாவுடையது.

எங்களில் வீடு பெண்ணுக்குத்தான், மணமுடித்தவர் வந்து குடியிருப்பார். ஆகவே இரண்டு மாப்பிள்ளைமாரும் ஒரே கூரையின் கீழே, ஒருவர் சொல்லுக்கு மேல் ஒருவர் சொல்லாமல், விருந்தாளிகளைப் போலவே வருடக்கணக்காக வாழ்ந்தார்கள்.

வாப்பாவின் சவூதி விசா அலுமாரிக்குள் கிடந்தது. குஞ்சு பொரித்தால் அவர் போகத் தேவையில்லை என்று உம்மா சொல்லியிருந்தார். அந்த முட்டைகளின்மேல் எனக்கிருந்த பாசம் குஞ்சுகளுக்கானதல்ல.

முதல் வைப்பு முழுக்கக் கூழாகிப் போனது. பரல்கள் இரண்டும் தளதளவென்று கொதிக்க, அறையின் நடுத்தட்டுகள் சில்லிட்டுக் கிடந்தன.

"என்ட பக்கம்தான் அனல் காணாது போல, நானா" என்று வாப்பாவை அண்ணன் முறை வைத்துச் சொல்லிச் சாச்சா இன்னும் பொச்சைத் திணிப்பார்.

"சீச்சீ, உன்ட நெருப்பு நல்லம் தம்பி, என்டதிலதான் பிழை" என்று வாப்பா சிரட்டையை அள்ளிப் போடுவார்.

"ஓரத்தில அவிச்ச முட்டை, நடுவில பச்ச முட்டை. ரெண்டு மாப்பிள்ளையும் மரியாத பண்ணியே நம்மள முடிச்சிருவாங்க ராத்தா" என்றாள் சாச்சி, உம்மாவிடம்.

இரண்டாம் வைப்பின்போது உம்மா குழாயின்மேல் கைவைத்தபடி அறையைச் சுற்றி நடந்தார். பரல்களை விட்டு விலக விலகச் சூடு செத்தது. "ரெண்டும் எதிரெதிராத் தள்ளுது, தண்ணி எங்கால போகும்? நிண்டுபோச்சு" என்றார். ஒன்றை அணைக்கவேண்டும். தங்கை புருஷனின் நெருப்பில் கைவைக்க உம்மாவுக்கு முறையில்லை. வாளித் தண்ணீரை வாப்பாவின் அடுப்பில் ஊற்றினார். அஸர் தொழுகைக்குள் நடுக்குழாய் கை சுட்டது.

குஞ்சுகள் வந்தன. ஆனால் ஒரு பரலின் சூடு பாதித் தட்டுக்குத்தான் காணும், பாதித் தட்டு ஒரு குடும்பத்துக்குத்தான் காணும்.

"நீங்க இரிங்க நானா, நான் எங்கயாச்சும் போறன்" என்றார் சாச்சா.

"விசா என்ட பேரிலதானே கிடக்கு" என்று சிரித்தார் வாப்பா. அவர் சவூதியிலிருந்து விடுமுறைக்கு வந்தபோது எனக்கென்று கொண்டுவந்த சட்டைக்குள் என் தோள் நுழையவில்லை.

இன்று சாச்சா இல்லை. அந்த அறையை இடித்தாயிற்று. எங்கள் பக்கத்துக்குக் குஞ்சுகள் பிளாஸ்டிக் கூடைகளில், லொறியில் வந்திறங்குகின்றன. குழாயைத் தொட்டுப் பார்க்க ஒரு கையும் வேண்டியதில்லை. சென்ற மாதம், வாப்பா குளிக்க வெந்நீர்க் குழாய் பூட்ட வந்தவரிடம் அந்தப் பழைய பரல்களின் கதையைச் சும்மாதான் சொன்னேன்.

"ரெண்டையும் ஒரே பக்கமாத் தள்ளவைக்க வழி இரிக்கே" என்றார் அவர், வேலையிலிருந்து கண்ணெடுக்காமல். "பரலுக்கு ஒண்டா, ஒரு பக்கம் மட்டும் தண்ணி விடுற ரெண்டு சின்ன வால்வு. ரெண்டு நெருப்பும் எரிஞ்சிருக்குமே ராத்தா."

வாப்பா முன்னறைக் கதிரையில் சாய்ந்து வாய் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தார். அந்த மனிதருக்குத் தேத்தண்ணி ஊற்ற நான் எழுந்து உள்ளே போனேன்.