தேவானை செத்த பிறகு

அஸ்மத்துன்னிசா தினமும் சாயங்காலம் ஓடுகிற ஒரு சீரியலில் கதாநாயகனின் அம்மா தேவானையாகப் பல வருஷம் நடித்தாள். டிவியில் பெரிய குங்குமமும் பட்டுப்புடவையுமாக வருகிறவள், மயிலாப்பூர் கச்சேரி ரோட்டுக்குப் பின்னால் இருக்கும் தன் சந்தில் முக்காடு போட்டுக்கொண்டு கீரை வாங்கப் போனால் யாருக்கும் அடையாளம் தெரியாது. வாயைத் திறந்து பேசினால்தான் திரும்பிப் பார்ப்பார்கள்.

அவள் கணவர் வலியுல்லா சோபாவுக்கு உறை தைக்கிற கடை வைத்திருந்தவர். பொட்டு வைத்துக்கொண்டு நடிக்கிறாளே என்று சொந்தக்காரர்கள் சிலர் முணுமுணுத்தபோது, நான் சோபா தைக்கிறேன், அவ நடிக்கிறா, ரெண்டும் வேலைதான் என்று ஒரே பேச்சில் முடித்துவிட்டார். கடையிலேயே சின்ன டிவி ஒன்று வைத்து அவள் வருகிற நேரத்தில் ஊசியைக் கீழே வைத்துவிடுவார்.

அறுபத்தைந்து தாண்டியதும் அவருக்கு மறதி வந்தது. முதலில் அளவுகள் மறந்தன. அப்புறம் கடைக்குப் போகும் வழி. ஒரு நாள் சாந்தோம் கடற்கரையில் படகு நிழலில் உட்கார்ந்திருந்தவரை மீன் விற்கிற பெண்கள் விசாரித்து ஆட்டோவில் ஏற்றி அனுப்பினார்கள். மூளை சுருங்கிக்கொண்டே வருகிறது, இனி தனியாக விடாதீர்கள் என்று டாக்டர் சொன்னார். மகன் ஃபராஸ் தி. நகரில் துணிக்கடையில் வேலை பார்க்கிறான். காலையில் போனால் கடை மூடித்தான் வருவான். இவ்வளவு மறந்தும் அஸ்மத்தை மட்டும் வலியுல்லா மறக்கவில்லை. அவள் ஷூட்டிங்கில் இருக்கும் நாட்களில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்து, "என் வீட்டுக்காரி வந்துட்டா" என்பார். அவள் நிஜமாகவே வீடு வந்து சேர்ந்தாலும் அதையேதான் சொல்வார்.

அவரைப் பார்த்துக்கொள்ளத்தான் அவள் சீரியலை விட்டாள். கொஞ்ச மாதம் தேவானையை எங்காவது யாத்திரைக்கு அனுப்பிவிடுங்கள், பிறகு வருகிறேன் என்று மேனேஜர் புகழேந்தியிடம் கேட்டுப் பார்த்தாள். சேனல் ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் கழித்து அவனே போன் செய்தான்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. கதையில உங்கள முடிச்சிட்டோம்."

கோவிலுக்குப் போகிற வழியில் லாரி மோதிச் சாவு. முகத்தை மூடிக்கொண்டு படுக்க வேறு ஒரு பெண்ணைப் பிடித்துவிட்டார்கள். பழைய போட்டோ ஒன்றுக்கு மாலை போட்டாயிற்று. தொழிலில் இது சகஜம் என்பதால் அஸ்மத் பெரிதாக வருத்தப்படவில்லை. அந்த வாரம் மட்டும் வீட்டில் டிவி போடக்கூடாது என்று ரிமோட்டை அரிசி டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்தாள்.

டிவியிலேயே பட்டன் இருப்பதை அவள் யோசிக்கவில்லை. மொட்டை மாடியில் காய்ந்த துணியை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தபோது கூடத்தில் சீரியல் ஓடிக்கொண்டிருந்தது. மாலை போட்ட அவள் படம். அடுத்து சுடுகாடு, விறகு, தீ. வலியுல்லா நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். அவள் ஓடிப்போய் அவர் தோளைப் பிடித்து, நான் இங்கேதான் இருக்கேன், பாருங்க என்றாள். அவர் பார்த்தார். மெதுவாகத் தோளை விடுவித்துக்கொண்டார்.

"நீங்க யாரும்மா? என் வீட்டுக்காரிய எரிச்சிட்டாங்க. எங்காளுங்கள எரிக்க மாட்டாங்களே. ஏன் எரிச்சாங்க?"

அன்றிலிருந்து அவருக்கு அஸ்மத் இல்லை. வீட்டில் இருப்பது அவரைப் பார்த்துக்கொள்ள வந்த யாரோ ஒரு அம்மா. கல்யாணப் போட்டோவைக் காட்டினார்கள். அந்தப் பெண்ணைத் தெரிந்தது, எதிரில் நிற்பவளைத் தெரியவில்லை. அந்நியப் பெண் என்பதால் அவள் சட்டை மாற்றிவிட வந்தால் வெட்கப்பட்டு வெளியே போகச் சொன்னார். குளிப்பாட்டும் வேலையை ஃபராஸ் எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. சாப்பாட்டை ஒதுக்கினார். எத்தனை தரம் சமாதானம் சொன்னாலும் ஏன் எரித்தார்கள் என்ற கேள்விக்கே திரும்பி வந்தார்.

அஸ்மத் வடபழனியில் ஷூட்டிங் நடக்கும் இடத்துக்குப் போய்ப் புகழேந்தியைப் பார்த்தாள். செத்தது வேறு பெண் என்று கதையை மாற்றுங்கள், ஒரே ஒரு காட்சியில் தேவானை வீட்டுக்குள் நடந்து வந்தால் போதும் என்று கேட்டாள். அவன் கெட்டவன் இல்லை. டீ வரவழைத்துக் கொடுத்து, கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டான். தகனம் வரை காட்டிவிட்டோம், அந்த வாரம்தான் சீரியலை அதிகம் பேர் பார்த்திருக்கிறார்கள், தேவானையின் தங்கையாக வேறு ஒருவர் நடிக்க ஆரம்பித்துவிட்டார் என்று தரையைப் பார்த்தபடி சொன்னான்.

அஸ்மத் வீட்டுக்குத் திரும்பி வந்து, தேவானை மாதிரியே பெரிய குங்குமம் வைத்துப் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு நின்றாள். ஃபராஸ் போனில் படம் பிடித்தான். நான் சாகவில்லை, நன்றாக இருக்கிறேன், நேரத்துக்குச் சாப்பிடுங்கள் என்று பேசினாள். அதை டிவியில் போட்டுக் காட்டினார்கள். வலியுல்லா முழுசும் பார்த்தார்.

"பழசு போடறாங்க" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் தண்ணீர் மட்டும்தான் குடித்தார். மூன்றாம் நாள் மத்தியானம் மறுபடியும் அதே கேள்வியைக் கேட்டபோது அஸ்மத் அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"எரிக்கலைங்க. டிவில காட்டினது பொய். நான்தான் அவங்கள குளிப்பாட்டினேன். கஃபன் துணி சுத்தி, தொழுகை நடத்தி, நல்லபடியா அடக்கம் பண்ணாங்க."

"நீங்க பாத்தீங்களா?"

"நான் கூடவே இருந்தேன்."

வலியுல்லா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கஞ்சி கேட்டார். குடித்து முடித்ததும், கபர் எங்கே என்றார்.

இதற்கு மட்டும் ஃபராஸ் சம்மதிக்கவில்லை. உயிரோடு இருக்கிற அம்மாவுக்கு எந்தக் குழியைக் காட்டச் சொல்கிறாய் என்று சமையலறையில் நின்று சண்டை போட்டான். அஸ்மத் பாத்திரம் தேய்த்துக்கொண்டே இருந்தாள். கடைசியில் வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகை முடிந்து அவன்தான் ஆட்டோ கூப்பிட்டான்.

பெண்கள் உள்ளே போவதில்லை என்பதால் அவள் கபரஸ்தான் வாசலில் நின்றாள். பெயர்க்கல் இல்லாத ஒரு மண்மேட்டின் பக்கத்தில் ஃபராஸ் அத்தாவைக் கொண்டுபோய் நிறுத்துவது அங்கிருந்தே தெரிந்தது. வலியுல்லா கையேந்தி ஓதினார். குனிந்து மண்ணைத் தடவினார். ஃபராஸ் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். வெளியே வந்த வலியுல்லா அவளிடம், இடம் நல்லா இருக்கும்மா, மர நிழல் விழுது என்றார்.

அதற்கப்புறம் அவர் சாப்பிட்டார், தூங்கினார், கேள்வி கேட்பதை விட்டார். அந்தப் பொய்யைச் சொன்னதற்காக அஸ்மத் தொழுகையில் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்வாள். ஆனால் திரும்ப அதே நிலைமை வந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன் என்பாள். பெருநாளைக்கு ஃபராஸ் புதுச் சட்டை போட்டுவிட்டபோது மட்டும் வலியுல்லா, என் வீட்டுக்காரிக்கு இந்தக் கலர் பிடிக்கும் என்றார்.

மழைக்காலத்தில் சளி பிடித்துப் படுத்தவர் எழுந்திருக்கவில்லை. ஒரு மத்தியானம் அவள் கரண்டியால் தண்ணீர் புகட்டும்போது கையைக் காட்டிப் போதும் என்றார்.

"இவ்ளோ நாளா எனக்கு செய்யறீங்க. உங்க பேரு கூட கேக்கலையே."

"அஸ்மத்."

"என் வீட்டுக்காரி பேரும் அதான்."

"அப்படிங்களா" என்றாள்.

அதற்கடுத்த திங்கட்கிழமை அவர் இறந்துபோனார். மையித்தைப் பார்க்க வந்த பெண்கள் அவள் கையைப் பிடித்துக்கொண்டு, கடைசி நேரத்தில் உன் பேரைச் சொன்னாரா என்று கேட்டார்கள். சொன்னார் என்றாள்.