ஆய் என்றால் வா

அம்மா நாயைப் பிடித்துக்கொண்டு நடந்த தோல்வார் எங்கள் கல்கத்தா நியூ டவுன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டியிருக்கிறது. கைப்பிடிப் பக்கம் அவள் பிடித்துப் பிடித்தே கறுத்து வழவழப்பாகிவிட்டது. அம்மா போய்ச் சில வருடங்கள் ஆகின்றன. பூஜை விடுமுறைக்கு, இப்போது எங்களிடம் இருக்கும் நாயோடு கடற்கரைக்குப் போகலாம் என்று முடிவு செய்ததிலிருந்து அதையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்போது போனில் தட்டினால் நாய்க்குத் தனிப் படுக்கை போடுகிற விடுதிகள்கூட வரிசையாக வருகின்றன. அம்மா பார்த்திருந்தால், "மனுசங்களுக்கும் இடமிருக்குதா?" என்று கேட்டிருப்பாள்.

நான் பள்ளியில் படித்த காலத்தில் நாங்கள் பவானிபூரில் இருந்தோம். அப்பாவுக்கு வங்கி வேலை. அம்மா கரூர்ப் பக்கத்துப் பெண். கல்கத்தாவில் இத்தனை காலம் குடித்தனம் செய்தும் கடலில் கால் நனைத்ததில்லை என்ற குறை அவளுக்கு உண்டு. ஆனால் அப்பா திகா கடற்கரைக்குப் போகலாம் என்று பேச்செடுக்கும்போதெல்லாம், எங்கள் நாய் புலுவை யார் பார்த்துக்கொள்வது என்ற இடத்தில் பயணம் நின்றுவிடும். தெருவில் குட்டியாகக் கிடந்த புலுவை எடுத்து வந்து வளர்த்தவள் அவள். "அது வரலீன்னா நானும் வரலீங்க. நீங்க ரெண்டு பேரும் போயிட்டு வாங்க" என்பாள். கோபமே இருக்காது, பருப்பு கடைந்துகொண்டே சொல்வாள். அதற்கு மேல் பேச்சு கிடையாது.

கடைசியில் அப்பா யாரையோ பிடித்துத் திகாவில் ஒரு சின்ன விடுதியை விசாரித்தார். அதன் முதலாளி வயதான பெங்காலி. நாயை நேரில் பார்த்துவிட்டுத்தான் அறை தருவேன், கூப்பிட்டால் வர வேண்டும், இடத்தை அசிங்கப்படுத்தக் கூடாது என்று சொல்லிவிட்டார். பூஜைக் கூட்டத்தில் வேறு இடம் கிடைக்காது. அவர் மாட்டேன் என்றால் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். அம்மா புலுவைத் தேய்த்துக் குளிப்பாட்டி, வழியெல்லாம் அதற்குப் புத்திமதி சொல்லிக்கொண்டு வந்தாள்.

விடுதி வாசலில் காரை விட்டு இறங்கினோம். கடல் தெரியவில்லை, சத்தம் மட்டும் கேட்டது. அம்மா அந்தப் பக்கமே காதைக் கொடுத்துக்கொண்டு நின்றாள். முதலாளி படியில் உட்கார்ந்து, கையை நீட்டி, புலுவைப் பிரியமாகக் கூப்பிட்டார். "ஆய், ஆய்."

பெங்காலியில் ஆய் என்றால் வா. எங்கள் வீட்டிலோ, அம்மா தினமும் காலையில் புலுவைத் தெருமுனைக்கு அழைத்துப்போய்ச் சொல்லும் சொல் அது. தமிழ்க் குழந்தைகளுக்குச் சொல்வதையே அதற்கும் சொல்லிப் பழக்கியிருந்தாள். புலு அவர் முகத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தது. பிறகு, துடைத்து வைத்திருந்த சிவப்புத் தரையில், அவர் செருப்புக்குப் பக்கத்திலேயே குந்தி, சொன்ன வேலையைச் செய்து முடித்தது.

பெட்டியை இறக்க வேண்டாம் என்று டிரைவரிடம் சொல்ல அப்பா திரும்பிவிட்டார். அம்மா அசரவில்லை. வாளியும் தண்ணீரும் கேட்டு வாங்கித் தானே கழுவினாள். கழுவிக்கொண்டே, அவரை அண்ணனாக்கித் தன் அரைகுறை பெங்காலியில், "தாதா, நீங்கள் சொன்னதைத்தான் அது செய்தது. எங்கள் பாஷையில் ஆய் என்றால் இதுதான்" என்று விளக்கினாள். பெரியவர் தூணைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். "அப்படியானால் வரச் சொல்ல என்ன சொல்ல வேண்டும், பௌதி?" என்று கேட்டார். அவர் அண்ணி என்று கூப்பிட்டதுமே அறை கிடைத்துவிட்டது என்று அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது. "வா" என்று சொல்லிக்கொடுத்தாள்.

வகரம் வராத அவர் வாயில் அது "பா" என்று விழுந்தது. பெங்காலியில் அது பலே என்று மெச்சும் சொல். அங்கே தங்கிய நாளெல்லாம் அவர் "பா, பா" என்று மெச்சிக்கொண்டே இருந்தார். புலுவும் வாலை ஆட்டிக்கொண்டு அவரிடம் போய்வந்தது. முதல் நாள் சாயங்காலமே அம்மா புடவையைத் தூக்கிச் செருகி, தோல்வாரைக் கையில் சுற்றிக்கொண்டு, புலுவோடு அலையில் நின்றாள். அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்து அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இப்போது எங்களிடம் இருக்கும் நாய் சால்ட் லேக்கில் ஒரு பெங்காலி வீட்டில் வளர்ந்து எங்களிடம் வந்தது. தமிழ் துளியும் தெரியாது. நான் "வா" என்றால், மெச்சுகிறேன் என்று எண்ணிக்கொண்டு படுத்தே கிடக்கும். நேற்று அறை பதிவு செய்தபோது, நாய் சொன்ன பேச்சு கேட்குமா என்று விடுதிப் பெண் கேட்டாள். எந்தப் பாஷையில் என்ற கேள்வி வாய்வரை வந்தது. கேட்கும் என்று மட்டும் சொல்லி வைத்தேன். போனை வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து தோல்வாரை எடுத்துவந்து உட்கார்ந்து, அந்த வழவழத்த இடத்தைப் பிடித்துக்கொண்டு, "ஆய்" என்றேன். அம்மாவின் குரலில்தான் சொன்னேன். நாய் உள்ளறையிலிருந்து ஓடி வந்து என் மடியில் தலையை வைத்துக்கொண்டது.