அடுத்த வீட்டுக் காரில் ஞாயிற்றுக்கிழமைகள்

அன்று காரில் இருந்தது ஐந்து பேர். ஓட்டியது நான். எனக்குப் பக்கத்தில் என் மகன், ஐ.டி.ஐ.யில் ஏ.சி. மெக்கானிக் படித்து முடித்து, ஒரு வருடமாக விசாவுக்குக் காத்திருந்தவன். பின்சீட்டில் இடது ஓரம் என் மனைவி, நடுவில் பிளஸ் டூ எழுதி முடித்திருந்த மகள், வலது ஓரம் மனைவியின் தங்கை. வேறு யாரும் இல்லை. இத்தனை சரியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பிறகு ஊரில் பலவிதமாகப் பேசினார்கள். எட்டுப் பேர் திணித்துக்கொண்டு போனோம், வரும்போது டிக்கியில் மீன் வாங்கிப் போட்டு வந்தோம் என்றெல்லாம் பேச்சு. ஐந்து பேர்தான். மீன் வாங்கவில்லை.

கார் எங்களுடையது அல்ல. அடுத்த வீட்டுத் தம்பியுடையது. அவர் மஸ்கட்டில் ஒரு ஏ.சி. கம்பெனியில் சூப்பர்வைசர். மனைவி பிள்ளைகளையும் அங்கேயே அழைத்துக்கொண்ட பிறகு பூட்டின வீட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலையை எனக்குக் கொடுத்திருந்தார். நான் ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். இருபது வருடம் லோடு ஆட்டோ ஓட்டி இடுப்பு போய்விட்டது. அவர் கொடுக்கிற மாதம் இரண்டாயிரத்து ஐந்நூறு எனக்குப் பெரிய தொகை. அதைவிடப் பெரிது, என் மகனைத் தன் கம்பெனியிலேயே சேர்த்துவிடுவதாக அவர் சொல்லியிருந்தது. மாதம் ஒருமுறை போன் பண்ணுவார். செடிக்குத் தண்ணீர், மோட்டார், கரண்ட் பில் என்று எல்லாம் கேட்டுவிட்டுக் கடைசியில், "பையன்கிட்ட பாஸ்போர்ட்ட ரெடியா வைக்கச் சொல்லுங்க அண்ணே" என்பார். அந்த ஒரு வரிக்காகத்தான் நான் மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் சொல்வேன்.

காரைப் பற்றி அவர் சொன்னது இவ்வளவுதான். வாரம் ஒரு தடவை கால் மணி நேரம் ஸ்டார்ட் பண்ணி வைக்க வேண்டும். முடிந்தால் ஜங்ஷன் வரைக்கும் ஓட்டிக்கொண்டு வர வேண்டும். இல்லாவிட்டால் பேட்டரி இறங்கிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் அதைச் செய்வேன். முதலில் நான் மட்டும். ஏப்ரலில் வெயில் ஏறியபோது ஒரு நாள் மகள் வந்து கண்ணாடியைத் தட்டினாள்.

"எப்பா, ஏ.சி. போட்டிருக்கியளா?"

"அதையும் ஓடவிடணும்னு சொல்லியிருக்காரு."

"அப்பம் நான் உள்ள இருக்கேன்."

எங்கள் வீட்டுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. பகல் பதினொரு மணிக்கு மேல் உள்ளே இருக்க முடியாது. அடுத்த வாரம் மனைவி முருங்கைக்கீரையைத் தட்டோடு எடுத்துக்கொண்டு வந்து பின்சீட்டில் உட்கார்ந்து உருவினாள். அதற்கடுத்த வாரம் மகனும் வந்தான். நான்கு பேரும் ஓடாத காரில், ஷெட்டுச் சுவரைப் பார்த்தபடி, பேசாமல் உட்கார்ந்திருப்போம். குளிர்ந்த காற்று முகத்தில் அடிக்கும். எனக்கு மட்டும் அந்தச் சுகம் கிடையாது. பெட்ரோல் முள்ளையும் சூட்டு முள்ளையும் மாறி மாறிப் பார்ப்பேன். மூடின ஷெட்டில் புகை அடைத்துச் செத்துப்போனார்கள் என்று எங்கோ கேட்டதை நினைத்து, ஷெட் கதவு திறந்திருக்கிறதா என்று இரண்டு தடவை இறங்கிப் பார்ப்பேன். கீரைக்காம்பு சீட்டில் விழுந்திருக்கிறதா என்று தடவுவேன்.

"இவரு கூட இருந்தா குளிரும் வேர்க்கும்" என்பாள் மனைவி.

கால் மணி நேரம் அரை மணி நேரம் ஆனது. ஜங்ஷன் வரைக்கும் என்றது பூதப்பாண்டி வரைக்கும் ஆனது. ஒரு வாரம் தோவாளை போய்ப் பூ வாங்கி வந்தோம். ஒவ்வொரு தடவையும், பேட்டரிக்கு நல்லதுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பெட்ரோலுக்கு அவர் அனுப்பும் பணம் போக, மீதியை நான் போட்டேன். அதனால் திருட்டு இல்லை என்றும் சொல்லிக்கொண்டேன்.

மே மாதம் கொழுந்தியாள் வந்தாள். திருநெல்வேலியில் ஜவுளிக்கடையில் நிற்பவள். வருடத்துக்குப் பத்து நாள் லீவு. எங்களோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை காரில் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டுக் கேட்டாள்.

"ஏன் அத்தான், இந்த வண்டிக்குச் சக்கரம் உண்டா, இல்ல ஃபிரிட்ஜா?"

பிள்ளைகள் சிரித்தார்கள். சங்குத்துறைக் கடற்கரைக்குப் போகலாம் என்று அவள்தான் சொன்னாள். நான் முடியாது என்றேன். முடியாது என்பதற்கு ஆறு காரணம் சொன்னேன். உப்புக்காற்றில் பெயிண்ட் போய்விடும், மணல் உள்ளே ஏறும், நாகர்கோவிலில் போலீஸ் செக்கிங் இருக்கும், இன்னும் என்னவெல்லாமோ. மகள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். பரீட்சை முடிந்து அவள் எங்கேயும் போகவில்லை. எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு ஆராதனைக்குப் போகாமல் காலையிலேயே கிளம்பினோம். சீட்டில் பழைய பெட்ஷீட் விரித்தேன். கால் மிதிக்கும் இடத்தில் நியூஸ்பேப்பர் போட்டேன். ஆர்.சி. புக், இன்சூரன்ஸ், என் லைசென்ஸ் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு மகன் மடியில் வைத்தேன். போட்டோ எடுத்தால் ஸ்டேட்டஸில் போடக் கூடாது என்று மகளிடம் மூன்று தடவை சொன்னேன்.

"மீனு வாங்கலாமா?" என்று மனைவி கேட்டாள். "கடப்புறத்துல மலிவா கெடைக்கும்."

"மீனு காருக்குள்ள ஏறப்பிடாது. நாத்தம் மஸ்கட் வரைக்கும் போவும்."

கடற்கரையில் கார் நிறுத்தும் இடம் முழுக்க வெயில். பெயிண்ட் சுட்டுவிடுமே என்று எனக்குப் பதற்றம். கொஞ்சம் பின்னால் பாதையோரத்தில் தென்னந்தோப்பு நிழல் கிடந்தது. தென்னையடியில் வண்டி நிறுத்தக் கூடாது என்பது எனக்குத் தெரியாதா? எங்கள் ஊரில் குழந்தைகளுக்கும் தெரியும். அதனால் இறங்கி ஒவ்வொரு மரமாக அண்ணாந்து பார்த்தேன். இரண்டு மரத்தில் குலை இருந்தது. மூன்றாவதில் காய் வெட்டி ஒரு வாரம்கூட ஆகியிருக்காது, மொட்டையாக இருந்தது. மகனையும் பார்க்கச் சொன்னேன். அவனும் "ஒண்ணும் இல்ல" என்றான். அந்த மரத்தின் கீழ் நிறுத்தினேன். கையை நெற்றியில் வைத்து இன்னொரு தடவையும் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

ஒரு மணி நேரம் கடலோரத்தில் இருந்தோம். என் மனைவி சேலையை முழங்கால் வரை தூக்கிக்கொண்டு தங்கையோடு அலையில் நின்றாள். மகள் அவர்கள் இரண்டு பேர் மேலும் தண்ணீரை அடித்தாள். அப்படி அவர்களைப் பார்த்து வருடங்கள் ஆகிவிட்டன. நானும் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஒரு மணி நேரம் நான் காரை நினைக்கவில்லை என்று சொன்னால் வீட்டில் யாரும் நம்ப மாட்டார்கள். நினைக்கவில்லை என்பதுதான் உண்மை.

திரும்பி வந்தபோது பானெட்டின் நடுவே ஒரு கை அகலத்துக்குக் குழி. முன்கண்ணாடி வலதுபுறம் சிலந்தி வலைபோல விரிந்து கிடந்தது. காய்ந்த மட்டை ஒன்று காரின் மேல் சரிந்திருந்தது. பக்கத்து மணலில் ஒரு தேங்காய். வெட்டும்போது விட்டுப்போன ஒற்றைக்காய், அந்த மட்டைக்குப் பின்னால் மறைந்து இருந்திருக்கிறது.

இளநீர் விற்றுக்கொண்டிருந்த ஆள் வந்து பார்த்தார்.

"ஊரு எங்க?"

"பூதப்பாண்டிப் பக்கம்."

"பூதப்பாண்டியில தென்னமரம் கெடையாதா?"

அவர் தேங்காயை எடுத்துக் காதோடு ஆட்டிப் பார்த்து, "நல்ல காயி, கொண்டு போங்க" என்று என் கையில் கொடுத்தார். கொழுந்தியாள் அதை வாங்கித் தூர எறிந்தாள்.

கண்ணாடி உள்ளே உதிர்ந்துவிடுமோ என்று இருபது கிலோமீட்டர் வேகத்துக்குமேல் போகவில்லை. சுசீந்திரம் தாண்டியதும் மனைவி மெதுவாகச் சொன்னாள்.

"இந்தா பாருங்க. ஷெட்டுப் பக்கத்துலயும் ஒரு தென்ன நிக்குல்லா. அதுலருந்து விழுந்துன்னு சொல்லிருங்க. அவியளுக்கு என்ன தெரியும்?"

"அந்தத் தென்னையில மாசாமாசம் காய் வெட்ட அவரு எனக்குத் துட்டு அனுப்புகாரு. வெட்டலியான்னு கேப்பாரு."

"அப்பம் வேற எதையாவது சொல்லுங்க. பிள்ளைக்க விசா."

மகன் மடியில் அந்தப் பிளாஸ்டிக் கவர் இருந்தது. அவன் வெளியே பார்த்துக்கொண்டு வந்தான்.

காரை ஷெட்டில் விட்டுத் தார்ப்பாயால் மூடினேன். மாலையில் மகன் மணல் படிந்த நியூஸ்பேப்பர்களை அள்ளி வெளியே போட்டுக்கொண்டே கேட்டான்.

"எப்பம் சொல்லுகிய?"

"என்னத்த?"

"அவியள்ட்ட."

"சொன்னா உனக்க விசா போச்சு மக்கா."

"சொல்லாம விசா வந்தா? டெய்லி காலையில அவிய முகத்துலதான் முழிக்கணும். நான் எப்பிடிப்பா பாக்க?"

எனக்கு அவன்மேல் கோபம்தான் வந்தது. இருபத்திரண்டு வயதில் அப்படிப் பேசிவிடலாம். எனக்கு ஐம்பத்தொன்று. அவன் இங்கேயே கிடந்தால் என்ன ஆவான் என்பதை நான் தினமும் நினைப்பவன்; அவன் நினைப்பதில்லை.

மூன்று நாள் போயிற்று. எனக்கு டைப் பண்ணி எழுத வராது, வாய்ஸ் மெசேஜ்தான். கொல்லையில் வாழைக்குப் பக்கம் நின்றுகொண்டு, "தம்பி, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்து அழிப்பேன். ஒரு தடவை பாதிவரை சொல்லிவிட்டேன். கேட்டுப் பார்த்தால் என் குரல் பொய் சொல்கிறவன் குரல்போல இருந்தது. அதையும் அழித்தேன். அதற்குள் ஆராதனைக்கு ஏன் வரவில்லை என்று இரண்டு பேர் கேட்டுவிட்டார்கள். கண்ணாடி உடைந்த காரை வழியில் பார்த்ததாக ஒருவர் சொன்னார். இனி வேறு யாராவது முதலில் சொல்லிவிடுவார்கள் என்ற பயம்தான் என்னை நேராகப் போன் பண்ண வைத்தது. மகன் சொன்னதற்காக என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். ஆனால் பயம்தான் காரணம்.

எல்லாவற்றையும் சொன்னேன். முடித்ததும் முதலில், "உங்க யாருக்கும் ஒண்ணும் ஆவலியே?" என்று கேட்டார்.

"இல்ல தம்பி."

அங்கே ஏதோ மிஷின் ஓடுகிற இரைச்சல் மட்டும் கேட்டது.

"வண்டி சங்குத்துறைக்கா போச்சு?"

"ஆமா தம்பி."

"அதுக்கு முந்தி எங்கயாவது போச்சா?"

தோவாளையைச் சொன்னேன். ஏ.சி. போட்டு உட்கார்ந்திருந்ததையும் சொன்னேன். அவர் கேட்காததையும் சொன்னேன், நிறுத்த முடியவில்லை.

"ஏ.சி.யில இருந்தத எதுக்கு அண்ணே சொல்லுகிய" என்றார். அவர் சிரித்தாரா, வருத்தப்பட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. "செரி. வொர்க்‌ஷாப்பில விடுங்க. இன்சூரன்சுக்குப் போவாண்டாம், அது பெரிய பாடு. பில்ல அனுப்புங்க, நான் போட்டு விடுகேன்."

வைத்துவிட்டார். பாஸ்போர்ட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

அவசரத்தில் வைத்திருப்பார் என்றாள் மனைவி. இருக்கலாம். ஆனால் அடுத்த மாதப் போனிலும் சொல்லவில்லை. அதற்கடுத்த மாதமும் செடி, மோட்டார், கரண்ட் பில். அதோடு, "அப்பம் செரி அண்ணே." குரலில் எந்த வித்தியாசமும் இல்லை. திட்டியிருந்தால், இதற்குமேல் என்ன ஆகிவிடும் என்று விசாவைப் பற்றிக் கேட்டிருப்பேன். சாவியைத் திருப்பிக் கேட்டிருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். சாவி என்னிடம்தான் இருக்கிறது. சம்பளமும் ஐந்தாம் தேதி தவறாமல் வருகிறது.

இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காரை ஸ்டார்ட் பண்ணுகிறேன். யாரும் வந்து கண்ணாடியைத் தட்டுவதில்லை. நானும் உள்ளே உட்காருவதில்லை, ஏ.சி.யைப் போட்டுக் கதவைச் சாத்திவிட்டு வெளியே நிற்கிறேன். மகள் நர்சிங்குக்குச் சேர்ந்து ஹாஸ்டலுக்குப் போய்விட்டாள். மகன் நாகர்கோவிலில் ஒரு ஏ.சி. ரிப்பேர் கடைக்குப் போகிறான். கிடைக்கிற சம்பளம் பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகிவிடுகிறது. பாஸ்போர்ட் அலமாரியில் இருக்கிறது. அவன் அதைப் பற்றிப் பேசுவதில்லை. அவன் பேசாமல் இருப்பது எனக்காகத்தான் என்று எனக்குத் தெரியும்.

கண்ணாடி, பானெட், பெயிண்ட் எல்லாம் சேர்த்து வொர்க்‌ஷாப் பில் பதினெட்டாயிரத்து நானூறு. அவர்தான் கட்டினார். நான் தந்துவிடுகிறேன் என்றபோது, "அதெல்லாம் பெறவு பாக்கலாம்" என்றார். வேண்டாம் என்றும் சொல்லவில்லை, தா என்றும் சொல்லவில்லை. அவர் அனுப்பும் சம்பளத்தில் ஐந்நூறை வைத்துக்கொண்டு, இரண்டாயிரத்தை அன்றைக்கே மகன் போனிலிருந்து திருப்பி அனுப்பிவிடுகிறேன். அனுப்பின விவரத்தை வாட்ஸ்அப்பில் போட்டால் நீல டிக் விழும். பதில் வராது.

"விசாவ ஒரு வார்த்த கேட்டுப் பாருங்களேன்" என்று மனைவி போன வாரமும் சொன்னாள். "தலையவா எடுப்பாரு?"

கடன் இருக்கும்போது எப்படிக் கேட்பது என்றேன். முழுசும் கொடுத்து முடித்த அன்று, பிறகு ஒரு நாள்கூடத் தள்ளாமல், நானே போன் போட்டுக் கேட்பேன் என்றேன். அவள் விரலை மடக்கி மாதங்களை எண்ணிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டாள். ஐந்து மாதம் அனுப்பியாயிற்று. பாக்கி எட்டாயிரத்து நானூறு ரூபாய்.